ஓடைக்கு மேல் ஒரு கொல்லை

தன் கொல்லையைத் தன்னுடையது என்று அம்மாக்கண்ணு வாழ்நாளில் ஒரே ஒரு முறைதான் தன் வாயால் சொன்னாள். சொன்ன பிறகு அது அவளிடம் நிலைக்கவில்லை.

எலந்தம்பட்டில் நிலத்துக்கு உரியவன் தன் நிலத்தைப் பற்றிப் பேசுவது வழக்கமில்லை. மலைச்சரிவில் படிப்படியாக அமைந்த புன்செய் நிலங்களைத்தான் அங்கே கொல்லை என்பார்கள். கீழ்க்கொல்லைக்காரன் தனக்கு மேலே இருப்பவனுக்காகச் சொல்வான். அவன் தனக்கும் மேலே இருப்பவனுக்காக. உச்சியில் இருப்பவன் எல்லாருக்கும் அடியில் இருப்பவனுக்காகச் சொல்ல, வளையம் மூடிக்கொள்ளும். தை மாதத்தில், சாமை களம் கண்டு குதிருக்கு ஏறிய பிறகு, ஊர்க்கவுண்டர் வீட்டு முன்னாலுள்ள பாறையில் கூடி இதைச் செய்வார்கள். காகிதம் கிடையாது, கல் நடுவதும் கிடையாது. ‘இந்த ஓடை முதல் அந்த நாவல்மரம் வரை இன்னார் வீட்டுக் கொல்லை’ என்று ஒருவன் சொல்வான். ‘ஆமாம்’ என்று ஊர் சொல்லும். அவ்வளவுதான்.

தனக்குத் தானே சொல்லிக்கொள்பவன் திருடியவனாகத்தான் இருப்பான் என்பது அவர்கள் கணக்கு. உடையவனுக்கு எதற்குப் பேச்சு? அப்படிச் சொன்ன வாய் அதன்பின் அடுத்தவனுக்காகச் சொல்ல முடியாது; அப்படிச் சொன்னவனுக்காக அடுத்தவன் வாயும் திறக்காது. அம்மாக்கண்ணு வாழ்க்கைப்பட்டு வந்த புதிதில் ஒருவன் குடிபோதையில் பாறைமேல் ஏறி, “என்னுதுடா அது, என்னுது!” என்று மார்தட்டினான். யாரும் அவனை அடிக்கவில்லை, விரட்டவுமில்லை. மறு தையில் அவன் கொல்லையின் முறை வந்தபோது கீழ்க்கொல்லைக்காரன் வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். அடுத்த மழைக்குள் மார்தட்டியவன் பெண்டு பிள்ளைகளோடு வாணியம்பாடிப் பக்கம் தோல் பதனிடப் போய்விட்டான்.

அம்மாக்கண்ணுவின் கணவன் சின்னதம்பி நெஞ்சுச் சளியில் மூன்று வருடம் கிடந்து இறந்தான். வைத்தியத்துக்காக மாட்டு ஜோடியை விற்றார்கள். உழவுக்கு மாடில்லை என்ற நிலையில் ஒடுகத்தூர் சுப்பிரமணி கைகொடுத்தான். புளியும் கடுக்காயும் வாங்க மலையேறி வரும் வியாபாரி. தன் ஏரையும் ஆளையும் அனுப்பி உழுதுகொடுத்தான். விளைந்ததில் பாதி எடுத்துக்கொண்டான். சின்னதம்பி போன பிறகும் அந்த ஏற்பாடு தொடர்ந்தது. பாதி போனாலும் பாதி இருக்கிறதே என்று அவள் நினைத்தாள். அவள் பிள்ளையில்லாத தனிக்கட்டை.

கணவன் இறந்த வருடத்துத் தையில் பாறையில் யார் நிற்பது என்ற கேள்வி எழுந்தது. சின்னதம்பி சொல்ல வேண்டிய சொல் மேல்கொல்லை மங்கம்மாளுக்கு உரியது. மங்கம்மாளும் தாலியறுத்தவள், வயதில் சின்னவள். “வூட்டுக்காரி கீறா இல்ல, அவளே சொல்லட்டும்” என்றார் ஊர்க்கவுண்டர். அம்மாக்கண்ணு முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு எழுந்து, “நாவமரத்துக்கு மேல சுனை வரைக்கும் மங்கம்மா வூட்டுக் கொல்லை” என்றாள். இருபது குரல்கள் ஆமாம் என்றன. அதுவரை அவள் சொல்லி யாரும் எதையும் ஆமாம் என்றதில்லை. அவளுடைய கொல்லைக்குக் கீழ்க்கொல்லைக்காரன் கோபால்சாமி சொன்னான். சின்னதம்பிக்குத் தம்பி முறை. அவளை அண்ணி என்று அழைப்பவன்.

எழுபதுகளின் கடைசியில் மலை நிலங்களை அளந்து பட்டா கொடுக்க அரசாங்கம் ஆள் அனுப்பியது. போட்டியில்லாத கொல்லைகளுக்கு யாரும் யாரையும் ஒன்றும் கேட்கவில்லை. அளந்து, பேர் எழுதிக்கொண்டு போனார்கள். போட்டி என்று வந்தது ஒரே ஒரு கொல்லைக்குத்தான். ஓடைக்கு மேலுள்ள நிலத்தை இத்தனை வருடமாகத் தானே உழுது பயிரிட்டு வருவதாகச் சுப்பிரமணி மனு கொடுத்திருந்தான்.

விசாரணை பள்ளிக்கூடத்தில் நடந்தது. விசாரிக்க வந்த அதிகாரியின் பெயர் அருணகிரி, நாற்பது வயதிருக்கும். ஜீப்பை விட்டு இறங்கியதும் அவர் செய்த முதல் காரியம், அறைக்குள் நாற்காலிகளை மாற்றிப் போட்டதுதான். மலையிலிருந்து வந்தவர்கள் வாசலில் கைகட்டி நிற்பதையும் சுப்பிரமணி உள்ளே கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருப்பதையும் அவர் பார்த்துவிட்டார்.

“இங்க நிக்கிறவங்க, உக்கார்றவங்கன்னு ரெண்டு சாதி கிடையாது. ஏம்மா, நீங்க வந்து இந்த நாற்காலியில உக்காருங்க” என்றார்.

அம்மாக்கண்ணு நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்தாள். கால் தரையில் சரியாகப் பாவவில்லை. எதிரே அதே மாதிரி நாற்காலியில் சுப்பிரமணி.

“ரெண்டு பேருக்கும் ஒரே நாற்காலி, ஒரே நேரம், ஒரே சட்டம்” என்றார் அருணகிரி. “சொல்லுங்கம்மா, ஓடைக்கு மேல இருக்கிற நிலம் யாருடையது?”

அவள் கோபால்சாமியைத் திரும்பிப் பார்த்தாள். அவனும் அதற்காகவே காத்திருந்தவன்போல எழுந்தான்.

“சாமி, ஓடை முதல் நாவமரம் வரைக்கும் சின்னதம்பி வூட்டுக் கொல்லைங்க. இப்ப எங்க அண்ணியுதுங்க.”

“நீங்க யாரு?”

“கீழ்க்கொல்லைக்காரன்ங்க.”

“உங்க நிலத்தைப் பத்தி நான் கேக்கலியே. அவங்களுக்கு வாய் இல்லையா? அவங்க உரிமையை அவங்க கேக்கட்டும். அவங்க கேட்ட பிறகு நீங்க சாட்சி சொல்லலாம். முறை அதுதான்.”

“எங்க முறை வேறங்க. அவங்களுக்கு நான்தான் சொல்லணும்.”

அருணகிரி பேனாவைக் கீழே வைத்தார். அவருக்குக் கோபமில்லை, வருத்தம்தான் தெரிந்தது.

“இதோ பாருங்க. எங்கப்பா ஆரணியில தறி நெய்ஞ்சவரு. அவருக்கு எல்லாத்துக்கும் ஒரு பெரிய வீட்டுக்காரர்தான் பேசுவாரு. இவரு கைகட்டி நிப்பாரு. பேசிப் பேசியே அந்த ஆளு எங்க தறியைத் தன் வீட்டுக்குக் கொண்டுபோயிட்டான். ஒருத்தருக்காக இன்னொருத்தர் பேசுறதுதான் அடிமைத்தனத்துக்கு அடி. இந்த அம்மாவுக்கும் அது நடக்க நான் விடமாட்டேன்.” அவர் அவள் பக்கம் குனிந்தார். “பயப்படாதீங்கம்மா. உங்களுடையதுன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. மீதியை நான் பாத்துக்கிறேன்.”

அம்மாக்கண்ணு தலை குனிந்துகொண்டாள். அவர் பேச்சில் பொய்யில்லை என்பது அவளுக்குப் புரிந்தது. கெட்டவனாக இருந்தால் காலில் விழலாம். அல்லது மண்ணை வாரித் தூற்றலாம். நாற்காலி போட்டு உட்காரவைத்த மனிதனிடம் எதைச் சொல்லி அழுவது?

சுப்பிரமணி தொண்டையைக் கனைத்தான். “நான் சொல்றேன் சார். அது என் நிலம். என் ஏரு, என் ஆளு, என் வெத. இதுக்கு மேல இன்னா வேணும்?” வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோல வந்தது பேச்சு.

அருணகிரி ஒரு வாரம் தவணை கொடுத்தார். “நல்லா யோசிச்சுட்டு வாங்கம்மா” என்று சொல்லிவிட்டுப் போனார்.

அந்த வாரம் முழுக்க அவள் ஊர்க்கவுண்டர் வீட்டுக்கும் கோபால்சாமி வீட்டுக்குமாக நடந்தாள். ஊர்க்கவுண்டர், “நம்ப வழக்கத்த நான் எப்பிடி மாத்தறது? எங்கப்பன் பாட்டன் மாத்தல” என்று கையை விரித்துவிட்டார். கோபால்சாமி வேறு யோசனை சொன்னான்.

“நீ வாயத் தொறக்காத அண்ணி. நான் மறுக்கா எழுந்து சொல்றேன். அவரு வெரட்டுனா மறுக்கா சொல்றேன். எத்தினி தபா வெரட்டுவாரு?”

“அவரு கேட்டுக்கலன்னா?”

“கேட்டுக்காம இன்னா? நல்ல மனுசன்தானே.”

“நல்ல மனுசன்தான். அதான் எனக்குப் பயமாக் கீது.”

மங்கம்மாள் சுனையில் தண்ணீர் மொள்ள வந்தபோது அம்மாக்கண்ணுவின் கையைப் பிடித்துக்கொண்டாள். “அக்கா, நீ ஒண்ணும் சொல்லிடாத. நீ சொல்லிட்டா எனக்கு யாரு சொல்றது? நான் ஒண்டிக்காரி.” அம்மாக்கண்ணு குடத்தைத் தூக்கி அவள் இடுப்பில் வைத்துவிட்டாள். ஒருத்தியின் கொல்லை ஒடுகத்தூரானுக்குப் போகப்போகிறது; அவள் வாயை மூடிக்கொண்டிருந்தால்தான் இன்னொருத்தியின் கொல்லை நிற்கும். யார்மேல் கோபப்படுவது என்றே அவளுக்குத் தெரியவில்லை.

இரண்டாம் விசாரணைக்கு ஊரே வந்திருந்தது. சன்னல் கம்பிகளிலும் ஆட்கள் தொங்கினார்கள். சொன்னபடியே கோபால்சாமி எழுந்தான். அருணகிரி கையமர்த்தினார். அவன் மறுபடி எழுந்தான். மறுபடி கையமர்த்தினார். மூன்றாம் முறை அவர் குரல் தடித்தது. “இனி எழுந்தா வெளிய அனுப்பவேண்டியிருக்கும். இந்தம்மாவைப் பேசவிடுங்க!”

சுப்பிரமணி சிரித்தான். “சார், அவங்களுதா இருந்தா இந்நேரம் சொல்லியிருக்க மாட்டாங்களா? பாவம், பொய் சொல்ல வாய் வரல.”

அது உண்மையென்று எழுதப்பட்டுவிடும் என்று அம்மாக்கண்ணுவுக்குத் தெரிந்தது. வாய் திறக்காவிட்டால் கொல்லை இந்த நிமிடமே போய்விடும். திறந்தாலோ, ஒருவேளை, எல்லாம் தெரிந்த இந்த மனிதர் தாமே அதைப் பிடித்து நிறுத்திவிட மாட்டாரா? ‘ஒரு வார்த்தை சொல்லுங்க, மீதியை நான் பாத்துக்கிறேன்’ என்றாரே. சின்னதம்பி கல்பொறுக்கிய நிலம் அது. அவன் இருமி இருமிக் கல்பொறுக்கியபோது கூடை சுமந்தவள் அவள். நாற்காலிக் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

“அது என்னுது” என்றாள்.

குரல் வெளியே வந்ததா என்று அவளுக்கே சந்தேகம். அருணகிரிக்குக் கேட்டுவிட்டது. “இன்னொரு தடவை சொல்லுங்கம்மா.”

“ஓடைக்கு மேல கீற கொல்லை என்னுதுங்க. என்னுதுதான்.”

சன்னலில் தொங்கியவர்கள் ஒவ்வொருவராக இறங்கினார்கள். பின்வரிசையில் இருந்த பெண்ணொருத்தி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஊர்க்கவுண்டர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து வெளியே போனார். அருணகிரிக்கு அதெல்லாம் கண்ணில் படவில்லை. அவர் முகம் மலர்ந்திருந்தது.

“இதத்தானே நான் கேட்டேன்! பாத்தீங்களா, எல்லாரும் பாத்துக்குங்க, ஒரு பொம்பள தன் உரிமையைத் தானே கேக்கிறாங்க.” எழுதிக்கொண்டே தலை நிமிராமல், “இப்ப சாட்சி. கோபால்சாமி, நீங்க ஆசைப்பட்டது இப்ப சொல்லலாம். நிலம் யாருது?” என்றார்.

கோபால்சாமி எழுந்தான். உதடு பிரிந்தது. அவன் கண் அறையை ஒரு சுற்றுச் சுற்றி வந்தது. அங்கே அவனுடைய கீழ்க்கொல்லைக்காரன் நின்றுகொண்டிருந்தான், அவனுக்கும் கீழே இருப்பவன் நின்றுகொண்டிருந்தான். எல்லாரும் கோபால்சாமியின் வாயையே பார்த்தார்கள்.

“சொல்லுங்க.”

கோபால்சாமி உட்கார்ந்துவிட்டான்.

“என்ன இது? போன வாரம் கேக்காமலே சொன்னீங்க. இப்ப ஏன் பேச்சு வரல? யாராவது மிரட்டினாங்களா?” அருணகிரி சுப்பிரமணியை முறைத்தார். “நீ ஏதாவது செஞ்சியா?”

“சத்தியமா நான் ஒண்ணும் செய்யல சார்” என்றான் சுப்பிரமணி. முதல்முறையாக அவனும் மெய்யாகவே வியந்துதான் போயிருந்தான்.

அருணகிரி அறையைப் பார்த்துக் கேட்டார். “இந்த அம்மாவுக்காக ஒரே ஒருத்தர் போதும். யாருமே இல்லையா?” மலைக்காரர்கள் தரையைப் பார்த்தார்கள். சுப்பிரமணியின் பக்கத்தில் ஏரோட்டிகள் இருவர் தயாராக நின்றார்கள். வருடாவருடம் அந்த நிலத்தை உழுதது தாங்கள்தான் என்றார்கள். அது பொய்யில்லை. கடைசியாக அவர் அவளிடமே கேட்டார். “நீங்களே சொல்லுங்கம்மா. உழுத ஏர் யாருது?”

“அவங்களுதுங்க.”

“விதை?”

“அவங்களுதுங்க. கல்லு மட்டும் நாங்க பொறுக்குனோம்.”

கல்பொறுக்கியதற்கு அவருடைய படிவத்தில் இடமிருக்கவில்லை.

மார்கழியில் தீர்ப்பு வந்தது. பள்ளிக்கூட வாத்தியார் படித்துக் காட்டினார். இரு தரப்புக்கும் சமமான வாய்ப்பு அளிக்கப்பட்டது என்றும், எதிர்மனுதாரர் தம் உரிமையைத் தாமே எடுத்துரைத்தபோதும் அதை மெய்ப்பிக்கச் சாட்சி எவரும் முன்வரவில்லை என்றும், ஆதலால் நிலம் மனுதாரருக்கு உரியது என்றும் அதில் இருந்தது. வேலூருக்கு மேல்முறையீடு செய்துகொள்ளும் உரிமை அவளுக்கு உண்டு. அந்தக் கதவு யாவருக்கும் திறந்தே இருக்கிறது.

“வேலூருக்குப் போனா அங்க இன்னா கேப்பாங்க வாத்தியாரே?”

“சாட்சி கேப்பாங்கம்மா.”

அவள் நேராகக் கோபால்சாமி வீட்டுக்குப் போனாள். அவன் களத்தில் சாமை தூற்றிக்கொண்டிருந்தான். அவளைக் கண்டதும் முறத்தைக் கீழே வைத்தான்.

“ஏண்டா உக்காந்துட்ட?”

“நான் இன்னா பண்ணுவேன் அண்ணி? நீ சொல்லிட்ட. உனுக்கு நான் சொன்னா எனுக்கு எவன் சொல்லுவான்? நாளைக்கு என் கொல்லைக்கும் ஒருத்தன் மனு போட்டுக்கினு வந்தா?”

“வந்தா அந்தாளு உன்னையும் நாற்காலியில உக்கார வெச்சு, நீயே சொல்லுன்னுதான்டா கேப்பாரு. அன்னிக்கு இன்னா பண்ணுவ?”

உள்ளிருந்து கோபால்சாமியின் மனைவி எட்டிப் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்தினாள். அவன் மண்ணில் குந்தி முகத்தைப் பொத்திக்கொண்டான். “என்னத் திட்டு அண்ணி. அடிச்சுட்டாவது போ.”

“உன்ன அடிச்சு எனுக்கு இன்னா வரப்போவுது?” என்று சொல்லிவிட்டு அவள் திரும்பினாள்.

அந்தத் தையில் பாறைக்கு அவளை யாரும் அழைக்கவில்லை; வரவேண்டாம் என்றும் சொல்லவில்லை. அவள் போய், வழக்கமாக நிற்கும் இடத்துக்கு நாலடி தள்ளி, விறகு அடுக்கியிருந்த ஓரத்தில் நின்றாள். அடியிலிருந்து சொல் ஏறி வந்தது. ஒவ்வொன்றுக்கும் ஆமாம், ஆமாம் என்றது ஊர். கோபால்சாமியின் முறை வந்தது. தனக்கு மேலே உள்ள கொல்லையை அவன் சொல்லியாக வேண்டும். அம்மாக்கண்ணுவுடையது என்று சொன்னால் வழக்கம் கெடும்; சுப்பிரமணியுடையது என்று சொன்னால் பொய். பாறைமேல் நின்று பொய் சொன்னவன் எவனும் இல்லை.

“ஓடைக்கு மேல ஒரு கொல்லை கீது” என்றான் கோபால்சாமி. அங்கே மூச்சு வாங்கினான். “அதுக்கு மேல, சுனை வரைக்கும், மங்கம்மா வூட்டுக் கொல்லை.”

ஊர் சற்றுத் தயங்கிவிட்டு ஆமாம் என்றது. மங்கம்மாள் எழுந்து தன் மேலுள்ளவனுக்குச் சொன்னாள். வளையம் மேலேறிப் போய்க்கொண்டிருந்தது. அம்மாக்கண்ணு விறகுக் கட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஒரு பெண்ணாவது திரும்பிப் பார்ப்பாள் என்று நினைத்தாள். மங்கம்மாள் மட்டும் ஒருமுறை திரும்பினாள். பயத்தோடு உடனே முன்பக்கம் பார்த்துக்கொண்டாள்.

வேலூருக்கு அவள் ஒருமுறை போய்வந்தாள். பெரிய கட்டடத்தின் படிக்கட்டில் மாலைவரை உட்கார்ந்திருந்தாள். வக்கீல் குமாஸ்தா ஒருவன், “சாட்சிய இட்டுக்கினு வா ஆயா, அப்புறம் பேசலாம்” என்றான். அவள் பஸ் ஏறித் திரும்பிவிட்டாள். அதன்பின் அவள் யாரிடமும் அதைப் பற்றிப் பேசியதாகத் தெரியவில்லை. வீட்டைச் சுற்றி இருந்த நாலு புளியமரமும் கூலிவேலையுமாகக் காலம் ஓடியது.

எண்பதுகளில் சுப்பிரமணி அந்த நிலத்துக்குக் கம்பிவேலி போட்டான். அவன் பொல்லாதவன் இல்லை. களையெடுப்புக்கு ஆள் தேடியபோது நேரே அவள் வீட்டுக்கு வந்தான். “உனக்கு அந்த மண்ணு அத்துப்படி. கூலி மத்தவங்களவிட ஒரு படி சேத்தே தர்றேன். வந்துடு.” அவள் இரண்டு நாள் போகவில்லை. மூன்றாம் நாள் உலையில் போட ஒன்றுமில்லாததால் களைக்கொத்தியை எடுத்துக்கொண்டு போனாள்.

ஆவணி வெயில். சாமைப் பயிர் முழங்கால் உயரம் நின்றது. பெண்கள் வரிசையாகக் குந்திக் களை கொத்தினார்கள். அவளுக்குப் பக்கத்து வரிசையில் அடுத்த மலையிலிருந்து புதிதாக வாழ்க்கைப்பட்டு வந்த ரத்தினம்மாள். வாய் ஓயாதவள். மண் எவ்வளவு பொலபொலவென்று இருக்கிறது, ஒரு கல்லுகூடத் தட்டுப்படவில்லை என்று வியந்துகொண்டே வந்தாள்.

“எங்கூர்ல கொத்துனா கொத்தியே மழுங்கிடும் அத்தே. இது யாரு வூட்டுக் கொல்லை?”

அம்மாக்கண்ணு கொத்தியை நிறுத்தினாள். கீழே, வேலிக்கு அப்பால், கோபால்சாமி தன் கொல்லையில் நிமிர்ந்து நின்றுகொண்டிருந்தான். அவனுக்கும் கேட்டிருக்கும். அவனும் பதிலுக்குக் காத்திருப்பதுபோல் அசையாமல் நின்றான்.

“களையப் பாரு” என்றாள் அம்மாக்கண்ணு. “பயிர வெட்டிடப் போற.”